தானாய் விளையும் சபை

தை பிறந்து, வடகிழக்குப் பருவமழையின் மிச்ச நீரும் வடிந்து, நிலம் இறுகத் தொடங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் அவ்வாண்டின் வேலை ஆரம்பமாகிறது. பழுதுபட்ட வரப்புகளைக் கட்டி, பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டித் தளமாக்கி, உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி வெயிலில் காயவிட்டு, அதன் செறிவு போமே கணக்கில் 25 டிகிரியை எட்டுகிறதா என்று பார்க்கிற வரையில்தான் அளத்துக்காரரின் அதிகாரம் செல்லும். அதற்குமேல் உப்புப் பூப்பது வெயிலும் காற்றும் செய்கிற காரியம், அதை எந்த மேஸ்திரியும் விரட்டி வேலை வாங்க முடியாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் முடியாது. உப்பு இறங்கிய பின் பாத்தியில் எஞ்சுகிற கசப்பு நீரை, அது ஏறத்தாழ 30 டிகிரியைத் தொடுமுன் வடித்துவிட வேண்டும். இன்னும் ஓர் அடுக்கு கிடைக்காதா என்ற ஆசையில் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகளும் கூடவே படிந்து, விளைந்த உப்பு கசந்துபோகும்.

மனிதப் பிரயாசை எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் அது நிற்க வேண்டும் என்ற இந்த விவேகமே, கிறிஸ்தவ சபை ஒன்று ஆரோக்கியமாக வளர்வதைப் பற்றிப் பேசும்போதும் முதலில் வேண்டப்படுவது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன சிறியதோர் உவமை இருக்கிறது. ஒருவன் விதையைத் தெளித்துவிட்டு இரவில் உறங்குகிறான், பகலில் எழுகிறான்; அது எவ்விதமாக முளைத்து வளர்கிறது என்பது அவனுக்கே தெரியாமல், நிலம் தன் சுபாவத்தினாலேயே முளையையும் கதிரையும் மணியையும் தருகிறது; விளைந்தபின் அவன் அரிவாளோடு போகிறான். சபை என்ற சொல்லுக்குக் கட்டடம் என்று பொருள் கொள்ளாமல், ஒன்றுகூடி வழிபட்டு, ஒருவர் சுமையை ஒருவர் சுமக்கிற ஜனக்கூட்டம் என்று பொருள் கொண்டால், இந்த உவமையின் உண்மையைத் தமிழ்நாட்டுச் சரித்திரமே நன்கு விளக்குகிறது என்பதைக் கிறிஸ்தவரல்லாத வாசகரும் ஆர்வத்தோடு கவனிக்கலாம்.

மிஷனரியான சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் செய்த அச்சுப்பணியையும் மொழிப்பணியையும் தமிழுலகம் மறக்கவில்லை. ஆயினும், கடலூரில் பிறந்த ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் அளிக்க அந்த மிஷனுக்கு 1733 வரை, அதாவது 27 ஆண்டுகள் பிடித்தன. ஊர் மனிதரை நம்புவதற்கு அக்காலத்து நல்லவர்களுக்கும் அத்தனை தயக்கம் இருந்தது.

திருநெல்வேலியின் கதை இதற்கு மாறானது. அங்கே ஊர் மனிதர்களே முந்திக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்று பின்னாளில் பெயர்பெற்ற பிராமண விதவை ஒருவர், ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவர் வாயிலாக வேதத்தை அறிந்து, ஞானஸ்நானம் கேட்டபோது, அவருடைய வாழ்க்கை நிலையைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். 1785-இல் அந்த அம்மையாரின் முயற்சியால் எழும்பிய சிறு ஆலயம் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊராரால் அழைக்கப்படுகிறது. குருவானவர் தயங்கி நின்ற வாசலில் ஒரு விதவை சபையைக் கட்டிவிட்டார் என்பதை மிஷன் சரித்திரம் எழுதியவர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

இதைவிடவும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள காலன்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தத்தின் வரலாறு. ஊரைவிட்டுப் போய்த் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகித் தாவீது என்று பெயர் பெற்ற அந்த இளைஞர், 1797-ஆம் ஆண்டளவில் சொந்தச் சீமைக்கே உபதேசியாராகத் திரும்பிவந்து, முதலில் பேசியது அந்நியரிடத்தில் அன்று, தம் மாமன் மைத்துனரிடத்திலேதான். ஊரை விட்டு ஓடிப்போன பிள்ளை உயிரோடு திரும்பியதில் மகிழ்ந்த உறவினர் அவர் சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டார்கள். குடும்பங்கள் குடும்பங்களாகச் சேர்ந்தார்கள். எதிர்ப்பு வந்து வீடுகளில் இருக்க முடியாமற்போனபோது, 1799-இல் நிலம் வாங்கி ஒரு புதிய ஊரையே உண்டாக்கினார்கள். அதற்கு முதலூர் என்று பெயர். ஐரோப்பியப் பாதிரியார் ஒருவரும் அங்கே குடியிருந்து இதை நடத்தவில்லை. கல்யாணத்திலும் சாவிலும் கூடுகிற அதே உறவுமுறையின் வழியே செய்தி தானாக நடந்து போயிற்று.

மத்தியப் பிரதேசத்துத் தமோவில் 1897-இல் பிறந்த டொனால்ட் மக்காவ்ரன் என்ற அமெரிக்க மிஷனரி, இந்தியக் கிராமங்களில் நீண்ட காலம் உழைத்த அனுபவத்தைக் கொண்டு 1955-இல் வெளியிட்ட நூலில், மக்கள் தனித்தனியே பிடுங்கி எடுக்கப்பட்டு அன்று, உறவு என்னும் பாலங்களின் வழியாகவே பெருவாரியாகச் சபைக்குள் வருகிறார்கள் என்று வாதித்தார். மேல்நாட்டில் அது புதிய சித்தாந்தமாகக் கொண்டாடப்பட்டது. முதலூரில் அது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்த சங்கதி. ஆனால் அதே மனிதர், சாதி, மொழி, வகுப்பு என்ற எல்லைகளைத் தாண்டாமலே கிறிஸ்தவராவதைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள் என்றும், அந்த விருப்பத்தை அனுசரித்தே சபைகள் அமைய வேண்டும் என்றும் சொன்னார். இந்த யோசனைக்கு நம் நாட்டில் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், தமிழில் பேசி, தமிழில் எழுதி, தமிழ் உபதேசியார்களைத் தேடிப் பயிற்றுவித்துக் கிராமம் கிராமமாக அனுப்பியதையே தம் தலையாய வேலையாகக் கொண்டார். உபதேசியார் என்றால், வாரத்தில் ஆறு நாளும் ஊரோடு ஊராக வாழ்ந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து ஜெபித்து, ஏழாம் நாள் ஓலைக்கொட்டகையில் ஆராதனை நடத்துகிற சாமானியர். எதிர்ப்பினால் நிலமிழந்தவர்களுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக 1830-இல் தர்ம சங்கம் என்ற அமைப்பும் ஏற்பட்டது. இப்படி உழைத்த உபதேசியார்களுக்கு ஆங்கிலேய அத்தியட்சரை, அதாவது பிஷப்பை, எதிர்பாராமல் குருப்பட்டம் அளிக்கலாம் என்று ரேனியஸ் கருதியதும், ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து அவர் எழுதியதும் அவரை அனுப்பிய, லண்டனிலிருந்த சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்துக்குப் பொறுக்கவில்லை, 1835-இல் அவரை விலக்கிவிட்டார்கள். மூன்றாண்டுகளில், 1838 ஜூனில், அவர் மறைந்தார். சங்கத்தின் சட்டப்படி லண்டன் செய்தது சரியாயிருக்கலாம். சபையின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் ரேனியஸ் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு.

விசித்திரம் என்னவென்றால், அதே சங்கத்துக்கு 1841 முதல் செயலாளராயிருந்த ஹென்றி வென், சில ஆண்டுகளிலேயே ரேனியஸின் கட்சியை வேறு வார்த்தைகளில் பேசத் தொடங்கினார். ஒரு சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தன்னைத் தானே பரப்ப வேண்டும். அந்த நிலை வந்ததும் மிஷன் சமாதானமாகச் செத்துப்போக வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கை கடிதங்களில் எழுதப்பட்டது லண்டனில். நிறைவேறியது திருநெல்வேலிச் சமையற்கட்டுகளில். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுகிற வழக்கம் பெண்கள் மத்தியில் பரவிற்று. பிடி அரிசிக் காணிக்கை என்ற இது பார்வைக்கு அற்பம். ஆனால் பணமே கண்ணில் படாத குடும்பத்துக்கும், கடல்கடந்து வருகிற மணியார்டரை எதிர்பாராமல் தன் உபதேசியாருக்குத் தானே சோறு போடுகிறோம் என்ற கௌரவத்தை அது கொடுத்தது. அறுப்பின் பண்டிகையன்று பூசணியும் வாழைத்தாரும் கோழியும் ஆலய வாசலில் ஏலத்துக்கு வருவதும், அசனம் என்று சபையார் யாவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதும் இதே மரபின் கிளைகள். ஐம்பது ரூபாய் பெறாத எலுமிச்சம்பழத்தைப் பத்து மடங்கு விலைக்குக் கேட்டு எடுக்கிற பெரியவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அந்தச் சிரிப்பினூடேதான் ஆலயத்துக் கூரை மாறியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வளர்ச்சியைக் கெடுத்த காரியங்களும் உண்டு. கால்டுவெல் ஐயர் தமிழுக்குச் செய்த தொண்டை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல், அவர் யாருக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அந்த ஜனங்களையே இழிவுபடுத்தி, அவர்கள் மனத்தைப் புண்படுத்திற்று. நாசரேத்தையொட்டிய பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், மிஷனரிமாரின் ஆதிக்கத்தை உதறி, 1857-இல் ஏக இரட்சகர் சபையைத் தனியே ஸ்தாபித்தார். மரியாதை கிடைக்காத இடத்தில் சபை தங்காது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமா? இன்னொன்று, தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் மிஷனரிமார் கஞ்சியூற்றி எத்தனையோ உயிர்களைக் காத்தார்கள். அதன் பின் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். நன்றியினால் வந்தவர்களும் உண்டு, பசியினால் வந்தவர்களும் உண்டு. கஞ்சி ஊற்றியது தர்மம். ஆனால் அவ்வாறு வந்தவர்களைப் பேணிக் கற்பிக்கப் போதிய உபதேசியார்கள் இல்லாத ஊர்களில், சேர்ந்த தொகையைக் கணக்கிட்டு மகிழ்ந்ததுதான் மிச்சம். கசப்பு நீரை வடிக்காமல் அடுக்கை எண்ணிய கதைதான் அது.

வெள்ளாளன்விளை என்ற பனங்காட்டு ஊரில் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவிடத்தில்தான் இந்த ஒரு நூற்றாண்டு அனுபவம் முழுவதும் ஓர் உருவெடுத்தது. ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அந்தச் சிறிய தீபகற்பத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்கள் தங்கள் சொந்தக் காசில் இராமநாதபுரம் கடற்கரைத் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்துவதைக் கண்டார். யாழ்ப்பாணத்தார் கடல் தாண்டி வந்து நம் கரையில் பாடுபட, அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய நம் சபை வெள்ளைக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறதே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் விளைவு, 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கம். ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் பிரதிக்கினை. அப்போது அசரியாவுக்கு வயது 28.

நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் பகுதிக்கு முதல் ஊழியர்களை அனுப்பிய அச்சங்கத்தின் செயலாளர், தாம் மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு பிறரை அனுப்புவது தகாது என்று உணர்ந்து, 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கு சென்று, கூடாரத்தில் குடியிருந்து, தெலுங்கைப் பிள்ளைகளைப்போல் அரிச்சுவடியிலிருந்து கற்றார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவரே. அவர் ஞானஸ்நானம் கொடுக்கிற விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதைப் பெற்றவர், எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளாயிருந்தாலும், தம் கையைத் தம் தலைமேல் வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுல் அப்போஸ்தலரின் கருத்தை உறுதிமொழியாகச் சொல்ல வேண்டும். கேட்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் ஒருபுறம், பேசுவதற்கென்றே சம்பளம் பெறும் ஒருவர் மறுபுறம் என்ற பிரிவினைக்கு அந்தச் சபையில் முதல் நாளே இடமில்லாமற் போயிற்று. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பிசாசுகளாக எண்ணி அவர் போராடினார். தாழ்த்தப்பட்ட மாலர், மாதிகர் சேரிகளில் சபை வளர்ந்தபோது, அதன் நல்லொழுக்கத்தைக் கண்டே மற்றச் சாதியாரும் விசாரித்து வந்தார்கள். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தை அவர் கோபுரக் கலையும் மசூதிக் கலையும் கலந்து கட்டினார். லண்டன் மாநகரத்துக் கூரையை தெலுங்கு நாட்டு வெயிலில் தூக்கி வைக்கவில்லை.

மரக்காணத்துக்கு மேற்கே உள்ள திண்டிவனத்திலும், அளவில் சிறியதானாலும், இந்த வகையைச் சேர்ந்த ஒரு வித்து விழுந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷனின் அந்த ஊர்ப் பங்களாவில், தன் பெற்றோரைப் பார்க்க வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் கிடக்கும் தம் பெண்களுக்காக உதவி கேட்டு வந்தனர். ஆண் வைத்தியரை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கோ வைத்தியம் தெரியாது. விடியுமுன் மூவரும் இறந்தனர். வேலூர் மருத்துவமனையும், 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் அந்த இரவிலிருந்து முளைத்தவை. ஊரின் அவசியத்தைக் கண்டு பதில் சொல்லப் புகுந்த காரியம் வளர்ந்தது. வளர வேண்டும் என்று திட்டமிட்டு ஆரம்பித்த எத்தனையோ காரியங்கள் பெயர்ப்பலகையோடு நின்றுபோயின.

அண்மைக் காலத்தில், ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் 32 நாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் சபைகளை ஆராய்ந்து, 1990-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். பிறரை வளர்க்கும் தலைமை, அவரவர் வரத்துக்கேற்ற ஊழியம், உயிருள்ள பக்தி, பயன்படும் அமைப்பு, உள்ளத்தைத் தொடும் ஆராதனை, வீடுகளில் கூடும் சிறு குழுக்கள், தேவையறிந்து செய்யும் சுவிசேஷப்பணி, மெய்யான அன்பு என எட்டு லட்சணங்களை அவர் வகுத்தார். இவற்றுள் ஒரு சபைக்கு எது மிகக் குறைவோ அதுவே அச்சபையின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது என்பதும், பெரிய சபையே சிறந்த சபை என்ற எண்ணம் ஆராய்ச்சிக்கு ஒத்துவரவில்லை என்பதும் அவருடைய தீர்ப்பு. புள்ளிவிவரத்தால் பக்தியை அளக்கலாமா என்று குறைகூறுவோரும் உண்டு. எனினும் அவர் சொன்ன எட்டில் ஏழை நாம் ஓரளவு பெற்றிருந்தும் எட்டாவதில் தவறினோம் என்பது எனக்குத் தோன்றுவது.

அந்த எட்டாவது அன்பு. நம் நாட்டில் அதற்கு நேர் விரோதி சாதி. 1833-இலேயே கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் அதை எதிர்த்து நின்றவர்களுள் பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி. பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கத் தலித் மக்கள் தங்களுக்குச் சம உரிமையும், அது இல்லையேல் தனிப் பங்குச் சபையும் வேண்டுமென்று கேட்டதையொட்டி 2008 மார்ச் மாதத்தில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். உறவின் வழியே சபை வளர்வது இயற்கை. அந்த உறவின் வேலிக்குள்ளேயே அது நின்றுவிட்டால், மக்காவ்ரன் சொன்ன பாலம் மதிலாகிவிடுகிறது.

சங்கங்களும் திருமண்டலங்களும் சுதேசிகள் கைக்கு வந்து நெடுங்காலமாகிறது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, வென் கனவு கண்ட சுய ஆட்சி ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. கிடைத்த ஆட்சியைக் கொண்டு தேர்தலும், கட்சியும், சொத்து வழக்கும் நடத்துகிறவர்கள், பிடி அரிசியில் வளர்ந்த சபையின் வாரிசுகள் என்று நம்புவது சில சமயம் கடினமாயிருக்கிறது. ஆயினும் வெயிலும் காற்றும் நின்றுவிடவில்லை. கோடை விடுமுறை வேதப்பள்ளிகளில் பழகிய வாலிபர்களின் ஜெபக்குழுக்களாக 1959-இல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, நம் நாட்டாரின் காணிக்கையை மட்டுமே நம்பி வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பி வருவது அதற்கொரு சாட்சி.

சபைக் கமிட்டிகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் தொகையையும் காணிக்கைத் தொகையையும் வாசித்து முடித்தவுடன் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள். குருவானவர் நீங்கலாக இந்த ஆண்டு பொறுப்பேற்று ஓர் ஊழியத்தைச் செய்தவர்கள் யார் யார், நம் பணத்தில் எவ்வளவு நம் தெருவைத் தாண்டிப் போயிற்று, கடைசி வரிசையில் எப்போதும் ஒரே குடும்பங்களே உட்கார்ந்திருப்பது ஏன், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்பவற்றையும் அதே மேசையில் வைத்துக் கேளுங்கள். இவற்றுக்கு நேர்மையான பதில் வரும் வரையில், புதிய ஆலயக் கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் அச்சிடுவதைத் தள்ளிவையுங்கள்.